பசிபிக் தீவுகளைப் புரிந்துகொள்ள: கல், உயரம், தூரம்

பள்ளிச் சுவர்களில் தொங்கும் உலக வரைபடங்கள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலை இரண்டாக வெட்டிவிடுகின்றன. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் நடுவில் இருக்கும். பசிபிக்கின் ஒரு பாதி இடது ஓரத்துக்கும் மறு பாதி வலது ஓரத்துக்கும் போய்விடும். அதனால் அந்தக் கடல் எவ்வளவு பெரியது என்பதே நம் மனதில் பதிவதில்லை. அதன் பரப்பு ஏறக்குறைய 16.5 கோடி சதுர கிலோமீட்டர். உலகின் எல்லாக் கண்டங்களையும் தீவுகளையும் சேர்த்து அதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். உலக உருண்டை கையில் கிடைத்தால் தஹிதித் தீவு கண்ணுக்கு நேராக வரும்படி திருப்பிப் பாருங்கள். எதிரே தெரிவது கிட்டத்தட்ட முழுவதும் நீலம்தான்.

அந்த நீலத்துக்குள் பல்லாயிரம் தீவுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது மூன்று பெயர்கள்: மெலனீசியா, மைக்ரோனீசியா, பாலினீசியா. பல அறிமுகங்கள் இந்த மூன்றையும் சொல்லி, ஒவ்வொன்றிலும் உள்ள நாடுகளை வரிசைப்படுத்திவிட்டு நின்றுவிடும். பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தீவில் ஆறு ஓடுமா, என்ன விளையும், மனிதர்கள் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்று எதையும் ஊகிக்க முடியாது. அதற்கு வேறு மூன்று கேள்விகள் தேவை. அந்தத் தீவு எந்தக் கல்லால் ஆனது? கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம்? அடுத்த நிலம் எவ்வளவு தூரம்? இவற்றுக்கு விடை தெரிந்தால், பெயரே கேட்டிராத தீவைப் பற்றியும் ஓரளவு சரியாகப் பேசிவிடலாம்.

முதலில் அந்த மூன்று பெயர்கள்

1831-ஆம் ஆண்டின் இறுதியில் துய்மோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் புவியியல் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பசிபிக் தீவுகளை இன்று நாம் அறிந்த விதமாகப் பிரித்தது அந்த உரைதான். தென்மேற்கே நியூ கினி தொடங்கி சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, பிஜி வரை மெலனீசியா. அதற்கு வடக்கே, பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு மேலே, பலாவ், யாப், குவாம், மார்ஷல் தீவுகள் போன்றவை மைக்ரோனீசியா. நவூருவும் கிரிபாஸும் இதில்தான் சேரும். (நம் பத்திரிகைகளில் கிரிபட்டி என்று வரும் நாட்டை அங்குள்ளவர்கள் கிரிபாஸ் என்றே சொல்கிறார்கள்.) கிழக்கே ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட மாபெரும் முக்கோணம் பாலினீசியா. டோங்கா, சமோவா, துவாலு, குக் தீவுகள், தஹிதி எல்லாம் அதற்குள் வரும்.

துர்வில் இந்தக் கோடுகளைப் போட்டபோது நிலத்தைப் பார்க்கவில்லை, மனிதர்களின் தோல் நிறத்தைப் பார்த்தார். கறுப்பாக இருப்பவர்கள் தாழ்ந்தவர்கள், வெளிறிய நிறத்தவர்கள் உயர்ந்தவர்கள் என்ற அக்கால ஐரோப்பிய எண்ணம் அவர் உரையில் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த எண்ணத்தை உலகம் கைவிட்டது. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன, இன்று அந்தத் தீவுகளின் மக்களே அவற்றைத் தங்கள் அடையாளமாக ஏற்றுப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பெயர்களைத் தூக்கி எறியத் தேவையில்லை. அவை எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்று தெரிந்திருந்தால் போதும்.

பாலினீசியா என்ற பிரிவுக்கு உள்ளே ஓர் உண்மையான ஒற்றுமை உண்டு: அங்கே பேசப்படும் மொழிகள் எல்லாம் நெருங்கிய உறவுள்ளவை. மெலனீசியா அப்படி இல்லை. பப்புவா நியூ கினியில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது. எல்லைகளும் கசிகின்றன. சாலமன் தீவுகள் நாட்டுக்குள் இருக்கும் திக்கோப்பியாவிலும் ரென்னலிலும் மக்கள் பேசுவது பாலினீசிய மொழிகள். மைக்ரோனீசியக் கூட்டாட்சிக்குள் இருக்கும் கப்பிங்கமராங்கியிலும் அப்படியே. பிஜி மெலனீசியாவில் வைக்கப்பட்டிருக்கிறது; ஆனால் அதன் கிழக்குத் தீவுகள் பல நூற்றாண்டுகளாக டோங்காவோடு பெண் கொடுத்து, பெண் எடுத்து, படகும் பாயும் பரிமாறி வாழ்ந்தவை.

கல்

தென்மேற்குப் பசிபிக்கில் ஆண்டசைட் கோடு என்று ஒன்றைப் புவியியலாளர்கள் வரைகிறார்கள். கடற்படை அதிகாரியின் கோடுகளைவிட இது எவ்வளவோ பயனுள்ளது. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது என்பது தெரிந்ததே. பசிபிக் தட்டு மேற்காக நகர்ந்து, பெரும்பாலும் வழியில் எதிர்ப்படும் தட்டுகளுக்கு அடியில் அமிழ்கிறது; சாலமன், வனுவாட்டு பக்கம் மட்டும் ஆஸ்திரேலியத் தட்டு எதிர்த்திசையில் அமிழ்கிறது. அமிழும் இடத்தில் ஆழ்கடல் அகழி உண்டாகும். மரியானா அகழியின் ஆழம் 10,900 மீட்டரை ஒட்டி வரும். டோங்கா அகழி ஏறக்குறைய 10,800 மீட்டர். அமிழ்ந்த தட்டு வெளியிடும் நீர் மேலே இருக்கும் பாறையை உருகவைக்கிறது. அந்த உருகல் எரிமலையாக வெளிவந்து ஆறினால் கிடைப்பதில் சிலிக்கா கூடுதலான ஆண்டசைட் வகைப் பாறை மிகுதி. அகழியை ஒட்டி வில்போல் வளைந்து கிடக்கும் தீவுகள் எல்லாம் இப்படிப் பிறந்தவையே: சாலமன், வனுவாட்டு, டோங்கா.

ஆண்டசைட் பாறை காணப்படும் பகுதியின் கிழக்கு எல்லைதான் இந்தக் கோடு. அதற்கு மேற்கே இருக்கும் தீவுகள் பொதுவாகப் பெரியவை, பழையவை, பலவகைப் பாறைகள் கலந்தவை, கனிம வளம் கொண்டவை. பூகேன்வில் தீவில் செம்பு இருக்கிறது, நியூ கலிடோனியாவில் நிக்கல் இருக்கிறது. நியூ கலிடோனியா எரிமலைத் தீவே அல்ல. பழைய கோண்ட்வானா பெருங்கண்டத்திலிருந்து உடைந்து மூழ்கிய ஒரு துண்டின் மேலே தெரியும் பகுதி. அதனால்தான் வேறெங்கும் காணாத செடிகளும் பறவைகளும் அங்கே இருக்கின்றன.

தட்டுகள் மோதும் இடத்தில் வாழ்வது என்றால் என்ன என்பதை 2022 ஜனவரி 15 அன்று டோங்கா காட்டியது. ஹுங்கா டோங்கா ஹுங்கா ஹாபாய் என்ற கடலடி எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் தூண் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அழுத்த அலை உலகம் முழுவதும் பாரமானிகளில் பதிவானது. கடலடித் தந்திவடம் அறுந்து ஏறக்குறைய ஐந்து வாரம் அந்த நாட்டின் பெரும்பகுதிக்கு இணையத் தொடர்பு சரியாக இல்லை. ஆனால் இதே எரிமலைகள்தான் டோங்காவுக்குச் சோறு போடுகின்றன. டோங்காவில் இரண்டு வரிசைத் தீவுகள் உண்டு: மேற்கே எரிமலைகள், கிழக்கே கடலிலிருந்து மேலெழும்பிய பவளச் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். மக்கள் பெரும்பாலும் வாழ்வது கிழக்கு வரிசையில். வெறும் சுண்ணாம்புக் கல்லில் கிழங்கு இப்படி விளையாது. மேற்கு எரிமலைகள் காலம் காலமாகத் தூவிய சாம்பல் அதன்மேல் படிந்து நல்ல மண்ணாகியிருக்கிறது.

சரி, ஆண்டசைட் கோட்டுக்குக் கிழக்கே? அங்கே தட்டுகள் மோதவில்லை. தட்டின் நடுவிலேயே, அடி ஆழத்திலிருந்து சூடான பாறை மேலே வரும் வெப்பப்புள்ளிகள் இருக்கின்றன. 1963-இல் கனடா நாட்டுப் புவியியலாளர் டூசோ வில்சன் ஹவாயை வைத்து இதை விளக்கினார். வெப்பப்புள்ளி அதே இடத்தில் நிற்கிறது, மேலே தட்டு நகர்கிறது. தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்திலேயே குத்த, துணி நகர நகரத் தையல் வரிசையாக விழுவதைப் போலத் தீவுகள் ஒவ்வொன்றாக உருவாகித் தள்ளிப் போகின்றன. ஹவாயின் பெரிய தீவு பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாதது. அதில் எரிமலை இன்னும் எரிகிறது. வடமேற்கே கவாய் தீவுக்கு ஏறக்குறைய 50 லட்சம் வயது. இன்னும் தள்ளி மிட்வேக்கு ஏறக்குறைய 2.8 கோடி. அதற்கும் அப்பால் மூழ்கிப்போன மலைகளாகவே அந்த வரிசை ரஷ்யாவின் கம்சட்காவை நோக்கிப் போகிறது. தஹிதி இருக்கும் சொசைட்டி தீவுகளும் இதேபோன்ற வரிசைதான்.

கல் வேறுபாடு புவியியலாளர்களுக்கு மட்டும் உரிய செய்தி இல்லை. யாப் தீவின் கல் காசைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: நடுவில் துளையிட்ட வட்டக் கற்கள், சில ஆள் உயரத்துக்கும் மேல். யாப்பில் சுண்ணாம்புப் பாறை கிடையாது. ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தள்ளி பலாவில் உண்டு. அங்கே போய், வெட்டிச் செதுக்கி, மரக்கலத்திலும் தெப்பத்திலும் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். உள்ளூரில் இல்லாத கல்லாக இருந்ததும், கொண்டுவரப் பட்ட பாடும்தான் அதற்கு மதிப்பைத் தந்தன.

உயரம்

மூன்று கேள்விகளில் ஒன்றை மட்டும் கேட்க அனுமதி என்றால் நான் உயரத்தைத்தான் கேட்பேன்.

உயர்ந்த தீவில் மலை இருக்கும். மலை இருந்தால் மேகம் தட்டி மழை பெய்யும், ஆறு ஓடும், மண் இருக்கும், காடு இருக்கும். பசிபிக்கில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. ஆகவே உயர்ந்த தீவுகளின் கிழக்குப் பக்கம் நனைந்து கிடக்கும், மேற்குப் பக்கம் மழை மறைவில் காயும். கவாய் தீவின் நடுவில் உள்ள வயாலேயாலே சிகரத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே தீவின் மேற்குக் கரையில் 600 மில்லிமீட்டர்கூட இல்லை.

பிஜியிலும் இதே கதை, அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வீத்தி லெவு தீவின் தென்கிழக்கில் உள்ள தலைநகர் சுவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. மேற்கே நாடி நகரில் 2,000-க்கும் குறைவு, அதிலும் தெளிவான வறண்ட பருவம் ஒன்று உண்டு. கரும்பு முற்றிச் சர்க்கரை ஏற அந்த வறண்ட பருவம் வேண்டும். அதனால்தான் லவுத்தோக்கா, பா என்று கரும்பு ஆலைகள் மழை மறைவுப் பக்கத்தில் நிலைத்தன. ஈரப் பக்கத்தில் நவுசோரியில் இருந்த பழைய ஆலை 1959-இல் மூடப்பட்டது. 1879-க்கும் 1916-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து 60,000-க்கும் மேற்பட்டவர்கள் பிஜிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆட்கள் போனார்கள், அவர்களில் தமிழர் பலர். நாடியில் இன்று சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரம் நிற்பதற்கும், அவர்கள் சந்ததியினர் அந்த மேற்குக் கரையில் அடர்ந்து வாழ்வதற்கும் பின்னால் அந்த மழைக்கணக்கும் இருக்கிறது.

இனி தாழ்ந்த தீவுகள். வெப்பப்புள்ளியை விட்டு விலகிய எரிமலைத் தீவு ஆறிக் கனத்து மெல்லக் கீழே அமிழத் தொடங்கும். அதன் கரையைச் சுற்றி வெதுவெதுப்பான நீரில் பவளம் வளர்ந்திருக்கும். தீவு அமிழ அமிழ, வெளிச்சத்துக்காகப் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் நடுவே குட்டை மலை, சுற்றிலும் காயல், அதைச் சுற்றிப் பவளத் திட்டு என்று ஆகும்; போரா போரா இன்று இந்த நிலையில் இருக்கிறது. கடைசியில் மலை முழுவதும் மறைந்து, நடுவில் காயலும் சுற்றிலும் பவள வளையமுமே மிஞ்சும். அதுதான் வட்டப் பவளத்தீவு, ஆங்கிலத்தில் சொன்னால் அடோல். இலட்சத்தீவும் மாலத்தீவும் இந்த வகைதான்.

இதை முதலில் ஊகித்தவர் சார்லஸ் டார்வின். 1830-களில், ஒரு வட்டப் பவளத்தீவைக்கூட நேரில் பார்ப்பதற்கு முன்பே, தென் அமெரிக்கக் கரையில் நிலம் உயர்வதைப் பார்த்து, அப்படியானால் கடலடி எங்கோ தாழ வேண்டும் என்று யோசித்து இந்த விளக்கத்துக்கு வந்தார். அவர் சொன்னது சரியென்றால் பவளத்துக்கு அடியில் எங்கோ எரிமலைப் பாறை இருக்க வேண்டும். 1890-களின் இறுதியில் துவாலுவின் புனாபூத்தியில் துளையிட்டுப் பார்த்தார்கள். 340 மீட்டர் போயும் பவளச் சுண்ணாம்பே வந்தது. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டோக்கில் 1,200 மீட்டருக்கும் கீழே துளை இறங்கியபோது பசால்ட் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த விடை அது. ஆனால் அந்தத் துளை எதற்காகப் போடப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கா அங்கே அணுகுண்டுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தது. 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 சோதனைகள் நடந்தன. சோதனை நடந்த பவளத்தீவுகளில் ஒன்றான பிக்கினியின் மக்கள் தங்கள் ஊரை இழந்தார்கள், இன்றுவரை முறையாகத் திரும்பிக் குடியேறவில்லை.

வட்டப் பவளத்தீவில் நிலம் என்பது வளையத்தின் மேல் அலைகள் குவித்த பவள மணலும் சல்லியும்தான். உயரம் பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர். அகலம் சில நூறு மீட்டர். ஆறு இல்லை, ஓடை இல்லை, கருங்கல்கூட இல்லை. மரம் வெட்டும் வாய்ச்சிக்கே ராட்சதச் சிப்பியின் ஓட்டைத் தீட்டிப் பயன்படுத்தினார்கள். அப்படியானால் குடிதண்ணீர்? பெய்யும் மழை மணலில் இறங்கி, உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து வில்லை வடிவில் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி நிற்கும். அகலமான திட்டில் வில்லை தடிமனாக இருக்கும். ஒடுங்கிய திட்டில் இருக்கவே இருக்காது. ஒரு பவளத் திட்டில் ஊர் எங்கே அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த நீர்தான்.

கிரிபாஸிலும் துவாலுவிலும் மக்கள் அந்த நன்னீர் மட்டம் வரை குழி தோண்டி, இலையும் தழையும் போட்டு மக்கவைத்து மண் உண்டாக்கி, அதில் சேம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கிழங்கை வளர்க்கிறார்கள். கிரிபாஸில் அதற்குப் பெயர் பாபாய், துவாலுவில் புலக்கா. மண்ணே இல்லாத இடத்தில் மண்ணைச் செய்து, தலைமுறை தலைமுறையாக ஒரே குழியைப் பேணி வரும் இந்த வேளாண்மையைப் படித்த பிறகு எனக்கு அந்த மக்கள் மேல் வந்த மதிப்பு சாதாரணமானதல்ல. இதோடு தென்னை, ஈரப்பலா, தாழம்பழம், மீன். அவ்வளவுதான் அங்கே உணவு. புயல் வந்து கடல் ஒருமுறை திட்டைத் தாண்டிப் போனால் குழி உப்பாகிவிடும், மீண்டும் சரியாவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே தாழ்ந்த தீவுகள் தனியாகப் பிழைக்க முடியாது, உயர்ந்த தீவோடு உறவு வேண்டும். யாப்புக்குக் கிழக்கே உள்ள சின்னப் பவளத்தீவுகள் காலம் காலமாக யாப்புக்குக் காணிக்கையோடு படகு அனுப்பி வந்தன. நெய்த துணியும் கயிறும் போகும், பதிலுக்கு உணவும் மரமும் வரும். புயல் அடித்தால் அந்த உறவுதான் உயிர் காக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு: கடலுக்கு மேலே தூக்கப்பட்ட பழைய பவளத்தீவுகள். நியுவே, நவூரு, பனாபா இவ்வகை. உயரம் இருக்கிறது, ஆனால் ஆறு இல்லை, ஏனெனில் சுண்ணாம்புக் கல் நீரை உறிஞ்சிவிடும். இவற்றில் சிலவற்றில் பாஸ்பேட் இருந்தது, அதுவே அவற்றின் துயரமும் ஆனது. வெறும் 21 சதுர கிலோமீட்டர் உள்ள நவூருவின் உட்பகுதியை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களின் உரத்துக்காகச் சுரண்டி எடுத்தார்கள். இன்று அங்கே கூர்கூரான சுண்ணாம்புத் தூண்கள் மட்டும் நிற்க, மக்கள் கரையோர விளிம்பில் வாழ்கிறார்கள். பனாபாவின் மக்களில் பெரும்பாலோரை 1945-இல் பிஜியின் ராம்பி தீவுக்கே மாற்றிவிட்டார்கள்.

தூரம்

நியூ கினியிலிருந்து கிழக்கே சாலமன் தீவுகளின் முக்கிய வரிசை வரை பெரும்பாலும் ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரியும், அல்லது முந்தையது மறையும் முன் அடுத்தது தெரிந்துவிடும். அந்த வரிசையின் கிழக்கு முனையில் நின்றால் முன்னே திறந்த கடல்; அடுத்த தீவுக் கூட்டமான சாந்தா குரூஸ் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தொல்லியலாளர்கள் இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, மேற்கே அண்மை ஓசியானியா, கிழக்கே தொலை ஓசியானியா என்கிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த ரோஜர் கிரீன் இந்தப் பிரிவை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர். என் பார்வையில் பசிபிக் வரைபடத்தில் போடப்பட்ட கோடுகளில் இதுவே மிக அர்த்தமுள்ளது.

ஏன் என்றால், அந்தக் கோட்டுக்கு மேற்கே மனிதர்கள் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். நியூ கினி மேட்டுநிலத்தின் குக் சதுப்பில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்மேடு கட்டி வாழையும் சேம்பும் பயிரிட்ட தடங்கள் இருக்கின்றன. கோட்டுக்குக் கிழக்கே? ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஒருவர்கூட இல்லை. அப்புறம் லப்பீட்டா என்று நாம் அழைக்கும், புள்ளிக் கோலங்கள் பதித்த மண்பாண்டங்கள் செய்த கடலோடிகள் சில நூற்றாண்டுகளுக்குள் வனுவாட்டு, நியூ கலிடோனியா, பிஜி, டோங்கா, சமோவா வரை பரவினார்கள். கூடவே பன்றியும் கோழியும் சேம்பும் கிழங்கும் கொண்டுபோனார்கள். கொண்டுபோகத்தான் வேண்டியிருந்தது. கிழக்கே போகப் போக உயிரினங்கள் குறைந்துகொண்டே போகும். சாலமனுக்கு அப்பால் தரைவாழ் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லை, வௌவால் மட்டுமே பறந்து போயிருந்தது. தின்னக் கிடைக்கும் செடிகளும் சொற்பம்.

சமோவா, டோங்காவில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான நீண்ட இடைவேளை. அதற்குப் பிறகு கி.பி. 1000-ஐ ஒட்டிக் கிழக்குப் பாலினீசியாவுக்குள் ஒரே வீச்சில் பரவல்: தஹிதி, மார்க்கேசாஸ், ஹவாய், ராப்பா நூயி, கடைசியாக 1300-ஐ ஒட்டி நியூசிலாந்து. இடையில் தென் அமெரிக்காவைத் தொட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐரோப்பியருக்கு முன்பே பாலினீசியாவில் விளைந்திருக்காது. நடுப்பசிபிக்கில் கடல்மட்டம் அதுவரை ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்திருந்து பிறகு இறங்கியது, அதனால் பல பவளத்தீவுகள் அப்போதுதான் குடியிருக்கத் தகுந்தவையாயின என்பது அந்த இடைவேளைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

கிழக்கிலிருந்து காற்று வீசும்போது கிழக்கு நோக்கியே போவது முட்டாள்தனமாகத் தோன்றலாம். கடலோடிக்கு அது பாதுகாப்பான வழி. எதிர்க்காற்றில் முட்டி முட்டிப் போய், நிலம் கிடைக்கவில்லை என்றால் பாயைத் திருப்பினால் போதும், காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். இந்தத் திறமை தற்செயல் அல்ல என்பதை 1976-இல் ஹோக்குலேயா என்ற இரட்டை மரக்கலம் நிரூபித்தது. ஹவாயிலிருந்து தஹிதிக்கு, கருவி எதுவும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து ஒரு மாதத்துக்குச் சற்று மேலான பயணத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வழி காட்டியவர் மாவு பியாய்லுக். அவர் ஹவாய்க்காரரும் அல்ல, தஹிதிக்காரரும் அல்ல; மைக்ரோனீசியாவின் சத்தவால் என்ற குட்டித் தீவுக்காரர். ஹவாயில் மறைந்துபோயிருந்த அந்த வித்தை அவர் தீவில் உயிரோடு இருந்தது.

தூரத்தோடு சேர்த்து எல் நினோவையும் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் மேற்கே நியூ கினிப் பக்கம் குவிந்திருக்கும். சில ஆண்டுகளில் அது கிழக்கே நகரும், மழையும் கூடவே நகரும். 1997-இல் நியூ கினி மேட்டுநிலத்தில் வறட்சியும் உறைபனியும் சேர்ந்து கிழங்கு வயல்களை அழித்தன. அதே சமயம் கிரிபாஸ் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்த ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்த கில்பர்ட் வாக்கர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். நம் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய்த்தான் அவர் பசிபிக்குக்கு வந்து சேர்ந்தார். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை தளர்வதும், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பல முறை வலுப்பதும் அந்தக் கடலோடு நமக்கு உள்ள தொடர்பு.

கடலே நாடு

நிலத்தை மட்டும் அளந்தால் கிரிபாஸ் 811 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஒவ்வொரு தீவைச் சுற்றியும் 200 கடல் மைல் தூரத்துக்கு மீன்வள உரிமை உண்டு. அதைச் சேர்த்தால் ஏறக்குறைய 35 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். கிழக்கு மேற்காக நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்த இந்த நாடு ஒரு காலத்தில் தேதிக் கோட்டின் இரு பக்கமும் கிடந்தது. ஒரு பக்கம் திங்கள் என்றால் மறுபக்கம் ஞாயிறு. 1995 முதல் கோட்டையே கிழக்கே வளைத்து அதைச் சரிசெய்துகொண்டார்கள். சமோவாவும் 2011-இல் டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டதால் இரண்டுக்கும் நடுவே இன்று ஒரு முழு நாள் வித்தியாசம்.

அந்தக் கடலில் இருப்பது சூரை மீன். பிற நாட்டுக் கப்பல்கள் அதைப் பிடிக்கக் கட்டும் உரிமக் கட்டணம்தான் கிரிபாஸ், துவாலு அரசுகளின் முக்கிய வருமானம். நவூரு உடன்படிக்கை என்ற பெயரில் எட்டு நாடுகள் ஒன்றாக நின்று, ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு என்று விலை வைத்த பிறகு அந்த வருமானம் பல மடங்கு உயர்ந்தது. சூரை மீன் வெதுவெதுப்பான நீரைத் தொடர்ந்து போகும். அதனால் எல் நினோ ஆண்டில் கிழக்கே உள்ள நாடுகளுக்கு வரவு கூடும், மேற்கே குறையும்.

கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசும்போது தீவு மூழ்கும் படம் ஒன்றையே எல்லாரும் காட்டுகிறார்கள். நிலைமை அதைவிடச் சிக்கலானது. பழைய வான்படங்களோடு ஒப்பிட்டதில், 1971-க்கும் 2014-க்கும் இடையில் துவாலுவின் மொத்த நிலப்பரப்பு ஏறக்குறைய 3 விழுக்காடு கூடியிருந்தது. அலைகள் ஒரு பக்கம் அரித்து இன்னொரு பக்கம் குவிக்கின்றன. பவளம் உயிரோடு இருக்கும்வரை மணலும் வந்துகொண்டிருக்கும். ஆனால் வீடும் கிணறும் புலக்காக் குழியும் நகராது. நிலம் மிஞ்சியிருக்க, அதன் அடியில் உள்ள நன்னீர் உப்பாகி வாழமுடியாமல் போகலாம். 2024-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம்.

கரை கரைந்தால் 200 கடல் மைல் எங்கிருந்து அளப்பது என்பது அடுத்த கேள்வி. பசிபிக் தீவுகள் மன்றம் 2021 ஆகஸ்டில் இதற்குத் தன் விடையை அறிவித்தது: சட்டப்படி ஒருமுறை வரையறுத்து ஐ.நா.வில் பதிந்த கடல் எல்லைகள், கடல்மட்டம் உயர்ந்தாலும் சுருங்காது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தந்த கருத்துரையும், ஏற்கெனவே நிறுவிய எல்லைகளை இதற்காகத் திரும்ப வரைய வேண்டிய கட்டாயம் நாடுகளுக்கு இல்லை என்றது. அந்தக் கருத்துரையைக் கேட்கும்படி ஐ.நா. பொதுச்சபையில் முன்நின்று ஆதரவு திரட்டிய நாடு, மூன்று லட்சத்தைச் சுற்றிய மக்கள்தொகை கொண்ட வனுவாட்டு.